எட்டு இழுப்பு

அவளுக்கு உண்மையான நாத்தனார் ஒருத்திதான். ஆனால் அந்த ஒருத்தி கடையின் முன்பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்க உள்ளே பார்த்து "அண்ணி, அண்ணி" என்று குரல் கொடுத்ததில், தெருவுக்கே அவள் அண்ணி ஆகிவிட்டாள். தபால்காரர் அண்ணி என்பார். அவளைவிட இருபது வயது மூத்த பூட்டுக்கடைக்காரரும் கூசாமல் அண்ணி என்பார். அவள் யாரையும் திருத்தவில்லை. செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அழாத குறையாகத்தான் வருகிறார்கள். முறை வைத்துக் கூப்பிடுவதில் அவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வருமென்றால் வந்துவிட்டுப் போகட்டும்.

கடை என்பது வீட்டின் முன்னறையைக் கண்ணாடித் தட்டியால் இரண்டாகப் பிரித்தது. முன்பக்கம் நாத்தனாரின் ராஜ்ஜியம். போனை வாங்குவது, சீட்டு எழுதுவது, வாக்குவாதம் செய்வது, திருகாணி முதற்கொண்டு ஒவ்வொரு சாமானையும் எண்ணி டப்பாவில் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு திருகாணி குறைந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பூட்டுக்கடைக்காரர் அவளுக்கு சி.ஐ.டி. என்று பேர் வைத்திருந்தார். பின்பக்கம் அண்ணியுடையது. அங்கே ஒரு மைக்ராஸ்கோப், சூடான காற்றை ஊதும் குழல், சால்டரிங் அயர்ன், ஊசிமுனை ட்வீசர். கடுகைவிடச் சின்னச் சில்லுகளைக் கழற்றி, அடியில் ஈயம் வைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப உட்கார வைக்க வேண்டும். ஒரு முடி அகலம் தள்ளி உட்கார்ந்தாலும் போன் போனதுதான். மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த போன்களெல்லாம் கடைசியில் இந்தக் கைக்குத்தான் வந்து சேரும்.

அந்தக் கை ஒன்பது நாளாக நடுங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கும் தெரியாது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நடுக்கமில்லை அது. தண்ணீர் டம்ளர் சிந்தவில்லை, கையெழுத்து கோணவில்லை. ஆனால் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ட்வீசரைக் கொண்டுபோனால், கொதிக்கிற பாத்திரத்து மூடி மாதிரி அதன் முனை தடதடவென்று ஆடியது. முதல் நாள் சரியாகத் தூங்காததால் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் காபியைக் குறைத்தாள். ஐந்தாம் நாள் பெரியப்பாவின் நினைவு வந்தது, அதற்குப் பிறகு வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை. பெரியப்பாவுக்கும் நாற்பத்து மூன்று வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி, அப்புறம் கரண்டி, அப்புறம் சட்டைப் பொத்தான், கடைசியில் யாராவது ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. அண்ணிக்கு வருகிற மாதம் நாற்பத்து நாலு.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்பது போல ஒரு பயம். கண்ணாடி மாற்றுவது, பேட்டரி மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளை மட்டும் செய்தாள். சில்லு வேலைகளை எல்லாம் "ஸ்பேர் வரலை" என்று ஒதுக்கினாள். இந்தக் கை இல்லாமல் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் தான் யார் என்பதே அவளுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பை யாருக்குக் கொடுக்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஒதுக்கிய போன்களில் ஒன்று தையல்காரம்மாவுடையது. சோப்புத் தண்ணீர் வாளியில் விழுந்து ஐந்து நிமிடம் மூழ்கிக் கிடந்த போன். அதற்குள் எண்ணூறு பேரின் உடம்பு அளவுகள் இருந்தன. நோட்டில் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று நாத்தனார் கேட்டதற்கு, நோட்டு நனைந்துவிடும் என்றுதான் போனில் போட்டேன் என்றாள் அந்த அம்மாள். தினமும் பதினொரு மணிக்கு வந்து தட்டிக்கு வெளியே நின்று, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவள் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அண்ணி தலையைக் குனிந்துகொள்வாள்.

இதற்கு நடுவில் மூச்சு வேறு. ஈயம் பற்றவைக்கப் பூசுகிற பசை சூடானதும் வெள்ளையாக ஒரு புகை எழும். எட்டு வருஷமாக அந்தப் புகையில்தான் அவள் பிழைப்பு. ஆறு வாரத்துக்கு முன்னால் அது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம், இழுத்த மூச்சு வெளியே வர மறுக்கும். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மூச்சு டாக்டரிடம் போனாள்.

அந்த டாக்டர் ஒரு மாதிரியான மனிதர். நோயாளிக்குப் புரியாத வார்த்தை மருந்தே இல்லை என்பார். மற்ற டாக்டர்கள் வீசிங், பஃப் என்றெல்லாம் சொல்வதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, நீல நிற இன்ஹேலர் ஒன்றைக் கையில் கொடுத்து, எல்லோருக்கும் சொல்கிற வாக்கியத்தை அவளுக்கும் தெளிவாக, நிறுத்தி, இரண்டு முறை சொன்னார்:

"இழுப்பு வந்தா ரெண்டு இழுப்பு. ஒரு நாளைக்கு எட்டு இழுப்பைத் தாண்டக் கூடாது. தாண்டிச்சுன்னா அன்னிக்கே என்கிட்ட வந்துடணும்."

எப்படியும் இரண்டு வாரத்தில் வந்து காட்டச் சொன்னார். அந்த வாரம் கடையில் கூட்டம். அதுவுமில்லாமல் எட்டைத் தாண்டவே இல்லையே, போவானேன் என்று அண்ணி விட்டுவிட்டாள். அவள் ஏனோதானோ என்று இருக்கிறவள் இல்லை. மேஜை விளிம்புக்கு அடியில் ஒரு காகித டேப்பை ஒட்டி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு போட்டுவந்தாள். முதலில் நாளைக்கு இரண்டு கோடு, மூன்று கோடு. போகப் போக ஐந்து. இரண்டாவது இன்ஹேலர் வாங்கிய அன்று பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிது ஒட்டினாள், அதில் ஆறு, ஏழு, சில நாள் எட்டு. ஒரு நாளும் ஒன்பது இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பத்தாம் நாள் காலை, அண்ணி குளித்துவிட்டு வருவதற்குள் நாத்தனார் பின்பக்கத்தைக் கூட்டப் போனாள். கீழே விழுந்த திருகாணியைத் தேடிக் குனிந்தபோது டேப் கண்ணில் பட்டது. கோடுகளைக் கண்டால் எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. எண்ணினாள், அறுபத்து நாலு. என்ன கோடு என்று ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது, ஏனென்றால் பக்கத்திலேயே இன்ஹேலர் இருந்தது. அதைத் திருப்பினாள். முதுகுப் பக்கம் ஒரு குட்டி ஜன்னலில் மீதி எத்தனை என்று எண் தெரியும். இருநூறில் ஆரம்பித்தது. அறுபத்து நாலு போனால் நூற்று முப்பத்தாறு இருக்க வேண்டும். எழுபத்திரண்டுதான் இருந்தது.

அறுபத்து நாலைக் காணோம்.

வேறு யாராவது என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். நாத்தனார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு விசாரணையைத் தொடங்கினாள். வீட்டில் மூன்றே பேர். தான் எடுக்கவில்லை. அண்ணி கோடு போடாமல் எடுக்கிற ஆள் இல்லை. மிச்சம் இருப்பது அண்ணன். போன வாரம் அவன் இரண்டு நாள் இருமியது ஞாபகம் வந்தது. அண்ணன் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவன். போனில் பிடித்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள். தண்ணீருக்கு அடியிலேயே இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவனுக்கு அது எதற்கு என்று அவன் சிரித்தான். சிரிப்பு உண்மையாகத்தான் பட்டது. விட்டுவிட்டாள்.

அண்ணி வந்ததும் நாத்தனார் இன்ஹேலரை மேஜையில் வைத்தாள், திருட்டுச் சாமானை வைப்பது போல.

"அண்ணி, உங்க மருந்தை யாரோ எடுத்து இழுக்கறாங்க."

அண்ணி சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. கணக்கைச் சொன்னாள். கோடு அறுபத்து நாலு, குறைந்திருப்பது நூற்று இருபத்தெட்டு.

"நான் கோடு போடாம ஒரு நாளும் விட்டதில்லை," என்றாள் அண்ணி. "ஒரு இழுப்புக்கு ஒரு கோடு."

"அதைத்தானே நானும் சொல்றேன். ஒரு இழுப்புக்கு ஒரு கோடுன்னா மீதி அறுபத்து நாலு எங்க?"

"எங்கயும் போகலை. ஒவ்வொரு தடவை இழுப்பு வரும்போதும் ரெண்டு தடவை அமுக்கறேன். ஒரு கோடு போடறேன். டாக்டர் சொன்னபடிதான்."

நாத்தனார் டேப்பைப் பார்த்தாள், இன்ஹேலரைப் பார்த்தாள். டாக்டர் சொன்னபோது அவளும் கூடத்தான் இருந்தாள். அதே வாக்கியத்தைத்தான் அவளும் கேட்டாள்.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "எட்டுன்னாரே, அது எந்த இழுப்பு?"

மூச்சு வாங்குவதும் இழுப்பு, மருந்தை உள்ளே உறிஞ்சுவதும் இழுப்பு. ஒரே வாக்கியத்தில் டாக்டர் இரண்டையும் சொல்லியிருக்கிறார். நாத்தனார் காதில் எட்டு என்பது மருந்தாக விழுந்தது. அண்ணி காதில் நோயாக விழுந்தது. எட்டு தடவை மூச்சு வாங்கலாம், தடவைக்கு இரண்டு. எட்டோடு நிற்க வேண்டிய இடத்தில், நாளொன்றுக்குப் பதினாலு, பதினாறு என்று மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நாத்தனார் பதறிப்போய் அவள் கையைப் பற்றினாள். பற்றிய பிறகுதான் அந்தக் கை உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"இது எத்தனை நாளா?"

ஒன்பது நாள் பூசி மெழுகியது அந்த ஒரு கேள்வியில் உடைந்தது. அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். பெரியப்பாவை, கரண்டியை, தையல்காரம்மாவின் போன் ஏன் அப்படியே கிடக்கிறது என்பதை, மைக்ராஸ்கோப்பை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்ததை. சொல்லும்போது அழுதாள். நாத்தனாரும் அழுதாள், ஆனால் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்துதான் வரும். எட்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் சொல்ல என்ன கேடு என்று திட்டிக்கொண்டே இன்ஹேலரை எடுத்துக் குப்பைக் கூடையில் போடப் போனாள். அண்ணி அவள் கையைத் தட்டிவிட்டாள். மூச்சு முட்டினால் என்ன செய்வது? பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டு இருவரும் டாக்டரிடம் போனார்கள். பதினொரு மணிக்கு வந்த தையல்காரம்மா மூடிய ஷட்டரைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள் என்று பூட்டுக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

டாக்டர் நாடியைப் பிடித்ததுமே புருவத்தைச் சுருக்கினார். இதயம் ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொண்டார். அது சரியாக இருந்தது. அப்புறம்தான் நாத்தனார் உரித்துக் கொண்டுவந்த டேப்பை அவர் மேஜையில் ஒட்டி, கணக்கைச் சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தவர், "எந்த இழுப்பு" என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் நிதானமாக விளக்கினார். அந்த நீல மருந்து சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்துவிடும், அதில் அதுதான் கெட்டி. ஆனால் அளவு மீறினால் கையையும் இதயத்தையும் சேர்த்து உலுக்கும். இந்த நடுக்கம் பெரும்பாலும் அதனால்தான் இருக்கும். மருந்து குறைந்த பிறகும் நடுக்கம் போகாவிட்டால் நரம்பு டாக்டரிடம் அனுப்புகிறேன், பெரியப்பா கதையை அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார். இன்ஹேலரைக் குப்பையில் போடப் போனதைக் கேட்டதும் நாத்தனாரை ஒரு முறை முறைத்தார். மூச்சு முட்டும்போது உயிரைப் பிடித்து நிறுத்துவது அதுதான், எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கும் மூச்சு அடங்காவிட்டால், பேச்சே வராமல் திணறினால், கோடு போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

"ஆனா ஒண்ணு," என்றார். "இந்த நீலம் வாரத்துல மூணு நாள் தேவைப்பட்டாலே நோய் அடங்கலைன்னு அர்த்தம். உங்களுக்கு ஒரே நாள்ல ஏழு தடவை. இது தீயை அணைக்கறதில்லை, புகையை மட்டும் விலக்குது. எட்டைத் தாண்டலைன்னு நீங்க நிம்மதியா இருந்தீங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

தினமும் இரண்டு வேளை எடுக்க வேண்டிய வேறொரு இன்ஹேலரைக் கொடுத்தார். அது உடனே சுகம் தராது, உள்ளே இருக்கும் வீக்கத்தை மெல்ல மெல்லத்தான் குறைக்கும், நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடவும் கூடாது. எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அவளை ஒரு முறை அமுக்கிக் காட்டச் சொன்னார். அமுக்கிய பிறகு மூச்சை இழுத்ததால் பாதி மருந்து நாக்கிலேயே தங்கியிருந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தி, அதன் வழியாக மெதுவாக உள்ளே வாங்கி, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பசைப் புகை முகத்துக்கு வராமல் வழி செய்யாவிட்டால் இத்தனையும் வீண் என்றும் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் தயங்கினார். பன்னிரண்டு வருஷமாக எல்லோருக்கும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிவருகிறாராம். சொல்லும்போது உள்ளூர ஒரு சந்தோஷமும் உண்டாம். மருந்து இழுப்பை மற்றவர்களைப் போலப் பஃப் என்று சொல்லித் தொலைத்திருந்தால் இந்த வினை வந்திருக்காது என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"இனிமே அமுக்குன்னே சொல்லிடறேன். ஒரு நாளைக்கு எட்டு அமுக்கு."

"எங்க தெருவுல அமுக்கறதுன்னா சுருட்டறது, டாக்டர்," என்றாள் நாத்தனார். அழுத பிறகு அண்ணி முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகான மூன்று வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் அண்ணிக்கு அவை மூன்று வருஷம். நாத்தனார் ஒரு பழைய சமையலறை விசிறியை வாங்கிவந்து, வளையும் குழாய் ஒன்றை மாட்டி, புகையை ஜன்னல் வழியாக வெளியே தள்ள ஏற்பாடு செய்தாள். பார்க்க யானைத் துதிக்கை மாதிரி இருந்தாலும் வேலை செய்தது. டேப்பில் இப்போது ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு கோடு. முதல் வாரம் ஆறு, எட்டு என்று இருந்தது. அடுத்த வாரம் நாலு, இரண்டு. அப்புறம் கோடே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று அண்ணி மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போடவில்லை. மூச்சு சரியாகி, கை மட்டும் ஆடினால்? அப்புறம் சாக்கு சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. இரண்டு நாள் அதன் உறையைக்கூட எடுக்காமல் இருந்தாள். நாத்தனார் பார்த்துக்கொண்டேயிருந்தாள். மூன்றாம் நாள் காலை நாத்தனாரே உறையை எடுத்து, விளக்கைப் போட்டு, தையல்காரம்மாவின் போனைத் திறந்து அடியில் வைத்துவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணி ட்வீசரைக் கையில் எடுத்தாள். வட்டமான வெளிச்சத்துக்குள் அதன் முனை வந்து நின்றது. அசையாமல் நின்றது.

நாலு மணி நேரம் பிடித்தது. மாலையில் போன் உயிர் பெற்றதும், தையல்காரம்மா அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க முதலில் அகப்பட்டதை உரக்கப் படித்தாள். அது நாத்தனாரின் இடுப்பளவு. தெருவே கேட்டது. நாத்தனார் கூலியை இரண்டு மடங்காக்கப் போவதாக மிரட்டினாள், தையல்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அண்ணி டாக்டரிடம் காட்டப் போனாள். கூடத்தில் நல்ல கூட்டம். சுவரில் புதிதாகக் கொட்டை எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: மூச்சு வாங்கும்போது மருந்தை இரண்டு தடவை அழுத்தவும், ஒரு நாளில் மொத்தம் எட்டு தடவைக்கு மேல் அழுத்தும்படி ஆனால் அன்றே வரவும். இழுப்பு என்ற சொல்லே அதில் இல்லை. அண்ணி அதைப் படித்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ஒரு பெயிண்டர், நகக்கண்ணெல்லாம் பச்சைப் பெயிண்ட். அவருடைய மனைவி அவரிடம் அடங்கிய குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் என்ன எழுதியிருந்தால் அவருக்கென்ன, அவர் டாக்டர் சொன்னதை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே காதால் கேட்டுக்கொண்டவர். எனக்கு ஒன்றுமில்லை, ஆறு ஏழு இழுப்போடு நிற்கிறது, எட்டைத் தாண்டினால்தானே வரச் சொன்னார், நீதான் என்னைப் பிடித்து இழுத்துவந்தாய் என்று முணுமுணுத்தார். கையில் வரிசை எண் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டின் நுனி லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை.

அந்தத் துடிப்பை அடையாளம் காண அண்ணிக்கு மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவது அவள் வழக்கமில்லை, அதெல்லாம் நாத்தனாரின் வேலை. ஆனாலும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. ஏழுன்னு சொன்னீங்களே, அது எந்த இழுப்பு?"

அவருக்குப் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு தன்னை அறியாமல் சீட்டைப் பிடித்திருந்த கையைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். அப்படி மறைப்பது எப்படி இருக்கும் என்று அண்ணிக்குத் தெரியும். அவள் தன் வலது கையை, விரல்களை விரித்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"ஒரு மாசம் முன்னாடி இதுவும் நடுங்கிட்டுதான் இருந்துச்சு," என்றாள். "உங்க கையைக் காட்டுங்க."